ஏர் ஃப்ரையரில் மொறுமொறு சீஸ்: நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பிறகு

ஏர் ஃப்ரையர் வாங்கியவர்கள் முதலில் உருளைக்கிழங்கைத்தான் போட்டுப் பார்ப்பார்கள். என் வீட்டில் இப்போது அது அதிகம் ஓடுவது சீஸுக்காக. கொறிக்க ஏதாவது வேண்டும் என்றால் ஒரு பிடி சீஸைத் துருவி வைத்துவிட்டால் போதும். மாவு வேண்டாம், எண்ணெய் வேண்டாம், சீஸில் இருக்கும் கொழுப்பே தாராளம். இது நன்றாக வருவதும் சொதப்புவதும் எந்த மாடல் வைத்திருக்கிறோம் என்பதைவிட எந்த சீஸை எடுக்கிறோம் என்பதைத்தான் பொறுத்திருக்கிறது.

கூடைக்கு மேலே ஒரு சூடேற்றும் கம்பி, அதை ஒட்டி ஒரு விசிறி. கருவி அவ்வளவுதான். சூடான காற்று வேகமாகச் சுற்றிச்சுற்றி வந்து ஈரத்தை இழுத்துக்கொண்டு போகிறது. அதனால் தண்ணீர் குறைவான சீஸ்தான் சீக்கிரம் மொறுமொறுக்கும். பார்மசானில் தண்ணீர் சுமார் 30 சதவீதம், செடாரில் 37 சதவீதத்தை ஒட்டி, பீட்சாவுக்குப் போடும் மொசரெல்லாவில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. நீரில் மிதக்கவிட்டு விற்கிறார்களே, அந்த மொசரெல்லாவில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். அதை வைத்து இந்த வேலைக்கு இறங்கவே வேண்டாம். வழிந்து, ரப்பர் மாதிரி இழுபடும், அவ்வளவுதான்.

நான் திரும்பத்திரும்பச் செய்வது பார்மசான் வட்டங்கள். துருவியதை ஒரு மேசைக்கரண்டி அளவில் பார்ச்மென்ட் தாளில் (சூடு தாங்கும், ஒட்டாத பேக்கிங் தாள்) குவித்து, அடித்தாள் அங்கங்கே தெரியும் அளவுக்கு மெல்லிசாகப் பரப்ப வேண்டும். தடிமனாக விட்டால் ஓரம் கருகும்போது நடு இன்னும் மெத்தென்று இருக்கும். 190 டிகிரி செல்சியஸ், நான்கிலிருந்து ஆறு நிமிடம். ஆனால் நேரத்தைவிடக் குமிழிகளைப் பார்ப்பதுதான் நம்பகமானது. சலசலவென்று கொதிப்பது தண்ணீர் ஆவியாகிப் போவதன் அடையாளம். அந்தக் கொதிப்பு அடங்கி, ஓரம் இளம்பொன்னிறமானதும் எடுத்துவிடலாம். முழுசாகப் பழுப்பாகட்டும் என்று காத்திருந்தால் கசப்பு வந்துவிடும். அந்தக் கசப்பை எந்தச் சட்னியும் மறைக்காது.

வெளியே எடுத்தவுடன் வளைகிறதே, வேகவில்லையோ என்று மறுபடி உள்ளே தள்ள வேண்டாம். சூட்டில் கொழுப்பு உருகிய நிலையிலும் புரதம் இளகிய நிலையிலும் இருக்கும். இரண்டு மூன்று நிமிடம் ஆறினால் இரண்டும் இறுகி, உடைத்தால் சத்தம் வரும். அந்த இடைவெளியில் ஒரு சின்னக் கிண்ணத்தைக் கவிழ்த்து அதன்மேல் போர்த்திவிட்டால் குழிந்த வடிவமும் கிடைக்கும். உப்பு மட்டும் சேர்க்கவே கூடாது. தண்ணீர் போகப்போக சீஸிலுள்ள உப்பு தூக்கலாகத் தெரியும். மிளகுத்தூள், மிளகாய்த்தூள், சீரகம் எதுவும் சரி.

செடார் மட்டும் போட்டால் எண்ணெய் கக்கும். பாதிக்குப் பாதி பார்மசான் கலந்தால் அடங்குகிறது. எடுத்ததும் ஒரு காகிதத் துண்டில் போட்டு ஒற்றி எடுப்பது நல்லது. பிளாஸ்டிக் உறையில் தனித்தனியாக வரும் பிராசஸ்டு சீஸ் துண்டுகள் வேறு ரகம். கொழுப்பும் தண்ணீரும் பிரியாமல் இருக்க அதில் சிட்ரேட், பாஸ்பேட் உப்புகள் சேர்க்கிறார்கள். அதனால் எண்ணெய் பிரியாமல் அப்படியே உப்பி எழும். சின்னச் சதுரங்களாக வெட்டி, சூட்டைக் குறைத்து, கொஞ்சம் அதிக நேரம் விட்டால் உள்ளே வெற்றாக, லேசாக வரும். குழந்தைகளுக்கு இதுதான் பிடிக்கிறது. எனக்கு சுவை தட்டையாகத்தான் தெரிகிறது.

பனீர், ஹலூமி இரண்டும் உருகாத ரகம். வட்டமாகப் பரவாது, துண்டு துண்டாகவே வெளியே மட்டும் மொறுமொறுக்கும். ஈரத்தை ஒற்றிவிட்டு லேசாக எண்ணெய் தடவினால் நன்றாக இருக்கும், ஆனால் அது வேறு பலகாரம்.

பிரெட்தூள் பூசிய மொசரெல்லா குச்சிகளைப் பற்றி இணையத்தில் ஓஹோவென்று எழுதுகிறார்கள். எனக்கு அவ்வளவு மதிப்பில்லை. மைதா, முட்டை, பிரெட்தூள் என்று இரண்டு சுற்று பூசி, ஃப்ரீசரில் கல்லாக உறையவைத்து, 200 டிகிரியில் போட வேண்டும். உலர்ந்த பிரெட்தூள் காற்றில் மட்டும் சீராகச் சிவக்காது. முன்னதாகவே அதில் கொஞ்சம் எண்ணெய் பிசிறி வைத்தால்தான் நிறம் வரும். அப்படியும், மேல் பூச்சு சிவப்பதற்கும் உள்ளிருக்கும் சீஸ் வெடித்து வழிவதற்கும் நடுவே ஒரு நிமிடம்கூட இருப்பதில்லை. எண்ணெயில் பொரித்ததற்கு ஈடாக இது எனக்கு ஒருமுறைகூட வந்ததில்லை.

காற்று விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும். முன்சூடு செய்யும்போது வெறும் தாளை உள்ளே வைத்தால் அது பறந்து சூடேற்றும் கம்பியில் ஒட்டிக்கொள்ளும், தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு. சீஸ் பரப்பிய பிறகுதான் தாள் உள்ளே போக வேண்டும், அதுவும் ஓரம் நீட்டிக்கொண்டிருக்காமல். சிலிக்கான் விரிப்பு பறக்காது, ஆனால் கீழிருந்து காற்று வராததால் அடிப்பக்கம் மெதுவாகத்தான் காய்கிறது. ஒருமுறை திருப்பிப் போட வேண்டியிருக்கும்.

நாள்பட்டதும் தெரிவது சுத்தம் செய்யும் தொல்லைதான். கூடையில் ஒட்டிய சீஸை சூட்டோடு சுரண்டாமல் ஆறவிட்டால் தகடாகப் பெயர்ந்துவிடும். மிச்சத்தை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைக்கலாம். உலோகக் கரண்டி பட்டால் ஒட்டாத பூச்சு போய்விடும். மேலே சூடேற்றும் கம்பியில் தெறித்த கொழுப்பைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். அடுத்த முறை புகை வருவது பெரும்பாலும் அதனால்தான். மின்சாரத்தைத் துண்டித்து, முழுசாக ஆறிய பிறகு ஈரத்துணியால் அந்தக் கம்பியைத் துடைத்துவிட வேண்டும். துடைக்காமல் கேக் வைத்தால் கேக்கில் சீஸ் வாசனை அடிக்கும்.

செய்த அன்றைக்கே தின்பது உத்தமம். மீந்ததைக் காற்றுப் புகாத டப்பாவில் வைக்கலாம்; நமுத்துப்போனால் 150 டிகிரியில் ஓரிரு நிமிடம் காட்டினால் மீண்டுவிடும். ஒரு கூடையில் ஐந்தாறு வட்டத்துக்கு மேல் கொள்ளாது என்பதால், வீடு நிறைய ஆள் வரும் நாளில் நான் ஏர் ஃப்ரையரைத் தொடுவதில்லை. அன்றைக்கு ஓவனில் பெரிய தட்டு வைத்து ஒரே தடவையில் முடித்துவிடுகிறேன்.