எத்திலீன் ஆக்ஸைடா, காமாவா, எக்ஸ்ரேயா? மருத்துவப் பொருளின் கிருமி நீக்கமும் அதன் விலையும்

சிரிஞ்சு, கதீட்டர், ஸ்டென்ட் என எதை எடுத்தாலும் அதன் உறையில் ஒரு சின்னக் கட்டம் அச்சிட்டிருக்கும். அதில் 'ஈஓ' என்றிருந்தால் எத்திலீன் ஆக்ஸைடு வாயுவில் கிருமி நீக்கியது. 'ஆர்' என்றால் கதிர்வீச்சு. வெப்பமானிப் படம் இருந்தால் நீராவி அல்லது உலர்சூடு. நோயாளிக்கு எதுவானாலும் ஒன்றுதான். உடலுக்குள் போகும் ஒரு பொருளில் உயிருள்ள கிருமி மிஞ்சியிருக்கும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்றைத் தாண்டக் கூடாது என்பது வழக்கமான அளவுகோல். எல்லா முறைகளும் அதை எட்டிவிடுகின்றன. அதனால் எது நன்றாகக் கொல்கிறது என்று அலசிப் பயனில்லை. அதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்று பார்க்கலாம்: ஆலைத் தொழிலாளியா, ஆலையை அடுத்துக் குடியிருப்பவரா, பொருளின் பிளாஸ்டிக்கா?

நீராவியிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. 121 டிகிரி செல்சியஸில் கால் மணி நேரம், 134 டிகிரி என்றால் மூன்று நான்கு நிமிடம். விஷம் கிடையாது, மிஞ்சுவது தண்ணீர்தான். எஃகுக் கத்தரிக்கோலுக்கும் கவ்விக்கும் ஆட்டோகிளேவை (அழுத்த நீராவிக் கலம்) விட்டு வேறெங்கும் போக வேண்டியதில்லை. ஆனால் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பொருள்களில் பெரும்பாலானவை மலிவான பிளாஸ்டிக். சாதாரண பாலித்தீன் அந்தச் சூட்டில் இளகிவிடும், மின்சுற்று உள்ள கருவி ஈரத்தில் கெடும். அங்கேயே நீராவி போட்டியிலிருந்து விலகிவிடுகிறது.

எத்திலீன் ஆக்ஸைடு அப்படி எளிதில் விலகாது. கொதிநிலை 10.7 டிகிரி என்பதால் அறை வெப்பத்திலேயே அது வாயு. அட்டைப்பெட்டி, காகித உறை, மெல்லிய நீளக் குழாயின் உள்துவாரம் என எல்லா இடத்திலும் நுழையும். கிருமியின் டிஎன்ஏவிலும் புரதத்திலும் ஒட்டிக்கொண்டு அவற்றை வேலை செய்ய விடாமல் ஆக்கும். இதெல்லாம் 40, 50 டிகிரிச் சூட்டிலேயே நடந்துவிடுவதால் பிளாஸ்டிக்குக்கு ஒன்றும் ஆகாது. பஞ்சு, ரப்பர், ஊசி, நாலைந்து வகை பிளாஸ்டிக் எல்லாம் ஒரே உறைக்குள் இருக்கும் அறுவைச் சிகிச்சைத் தொகுப்புகளுக்கு இதற்கு இணையாக இன்னொன்று இல்லை. அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 2,000 கோடி மருத்துவப் பொருள்கள், அதாவது கிருமி நீக்கித் தர வேண்டியவற்றில் ஏறக்குறைய பாதி, இந்த வாயுவுக்குள் போய் வருவதாக அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் சொல்கிறது.

சிக்கல் என்னவென்றால், கிருமியின் டிஎன்ஏவில் ஒட்டுவது மனிதரின் டிஎன்ஏவிலும் ஒட்டும். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1994லேயே இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று முதல் பிரிவில் வைத்துவிட்டது. சரக்கில் ஊறிய வாயு வெளியேற மணிக்கணக்கில், சில பொருள்களுக்கு நாள்கணக்கில், கிடங்கில் காற்றோட்டம் தேவை. அந்தக் கிடங்கில் வேலை செய்பவருக்கு அமெரிக்க விதி அனுமதிப்பது எட்டு மணி நேரச் சராசரியாகக் காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. வாசனை மூக்குக்குத் தெரிவதோ அதைப்போல் இருநூறு மடங்குக்கு மேல் போன பிறகுதான். மணம் வரவில்லையே என்று தைரியமாக இருக்க முடியாத வாயு இது.

2016இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, இதன் புற்றுநோய் ஆற்றல் முன்பு கணித்ததைவிடப் பல மடங்கு அதிகம் என்று திருத்தி அறிவித்தது. அப்புறம் பிரச்சினை வேலியைத் தாண்டி ஊருக்குள் வந்தது. இல்லினாய் மாநிலத்தின் வில்லோபுரூக்கில் இருந்த எத்திலீன் ஆக்ஸைடு கிருமி நீக்க ஆலையை 2019 பிப்ரவரியில் மாநில அரசு நிறுத்தியது. சில வாரங்களிலேயே, குழந்தைகளுக்கு அதிகம் பயன்படும் ஒருவகைத் தொண்டைச் சுவாசக் குழாய்க்குத் தட்டுப்பாடு வந்தது. பக்கத்து வீட்டுக்காரரின் கோபமும் நியாயம், சுவாசக் குழாய்க்காகக் காத்திருந்த பெற்றோரின் பதற்றமும் நியாயம். 2024இல் சுமார் 90 ஆலைகள் தங்கள் வெளியேற்றத்தை 90 சதவீதம் குறைக்க வேண்டும் என்று விதி வந்தது; 2025இல் பல ஆலைகளுக்கு இரண்டு ஆண்டு விலக்கும் வந்தது.

காமா கதிர் முறையில் இந்த வாயுத் தொல்லை இல்லை. காமா கதிரை வீசும் கதிரியக்க உலோகமான கோபால்ட்-60 குச்சிகளைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி வைத்திருப்பார்கள். வேலை நேரத்தில் மேலே தூக்கினால், தடித்த கான்கிரீட் சுவருக்குள் பெட்டிகள் அதைச் சுற்றி நகரும். வழக்கமான கதிர் அளவு 25 கிலோகிரே (பொருள் உறிஞ்சும் கதிர் ஆற்றலின் அலகு). பொருள் கதிரியக்கமாகிவிடுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். ஆகாது, அதற்கு அந்தக் கதிரின் ஆற்றல் போதாது. காற்றோட்டம் தர வேண்டியதில்லை, விழுந்த கதிர் அளவைச் சரிபார்த்ததும் சரக்கை அனுப்பலாம்.

விலையைக் கொடுப்பது பிளாஸ்டிக். பாலிபுரோப்பிலீன் நொறுங்கத் தொடங்கும், அதுவும் உடனே தெரியாமல் அலமாரியில் மாதங்கள் கழித்து. பிவிசி மஞ்சளாகும். டெஃப்லான் சிதைந்தே போகும். இன்னொரு தலைவலி கோபால்ட்டே. அதன் அரை ஆயுள், அதாவது வலு பாதியாகும் காலம், 5.27 ஆண்டு. ஆண்டுக்குச் சுமார் 12 சதவீதம் வலு குறைந்துகொண்டே போவதால், ஆலை சும்மா கிடந்தாலும் போட்ட முதலீடு கரையும். அதைத் தயாரிக்கும் அணு உலைகளோ உலகில் விரல்விட்டு எண்ணும் அளவுதான்.

எலக்ட்ரான் கற்றையும் எக்ஸ்ரேயும் மின்சாரத்தில் ஓடுபவை. பொத்தானை அணைத்தால் கதிர் இல்லை. காவல் காக்கக் கதிரியக்கச் சரக்கும் இல்லை. எலக்ட்ரான் கற்றை நொடிகளில் வேலையை முடிக்கும், ஆனால் ஆழம் போகாது: 10 மெகா எலக்ட்ரான் வோல்ட்டிலும் தண்ணீரில் நாலைந்து சென்டிமீட்டர்தான். அதே கற்றையை டாண்டலம் தகட்டில் மோதவிட்டு எக்ஸ்ரேயாக மாற்றினால் பலகை மேடையில் அடுக்கிய முழுச் சரக்கையும் காமாவைப் போலவே ஊடுருவும். மாற்றும்போது மின்னாற்றலில் பெரும்பகுதி வெறும் சூடாக வீணாவதுதான் இதன் பலவீனம். பிளாஸ்டிக்குக்கு எக்ஸ்ரே பெரும்பாலும் காமாவைவிடச் சற்று இதமானது. குறைந்த நேரத்தில் தேவையான கதிர் அளவு விழுந்துவிடுவதால் ஆக்ஸிஜன் உள்ளே புகுந்து கெடுக்க அவகாசம் குறைவு.

ஹைட்ரஜன் பெராக்சைடு ஆவியையும் சொல்ல வேண்டும். அது கடைசியில் தண்ணீராகவும் ஆக்ஸிஜனாகவும் பிரிந்துவிடும். 2024 ஜனவரியில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதை நிலைபெற்ற முறைகளின் பட்டியலில் சேர்த்தது. ஆனால் காகிதமும் அட்டையும் ஆவியை உறிஞ்சிவிடும், நீளமான மெல்லிய துவாரத்துக்குள் போகத் திணறும். மருத்துவமனைக்குள் கருவிகளைச் சுத்தம் செய்ய அருமை. அட்டைப்பெட்டியில் மலைமலையாக வரும் ஆலைச் சரக்கை அதனிடம் ஒப்படைக்க முடியாது.

என் தீர்ப்பு: புதிதாக வடிவமைக்கும் பொருளுக்கு எக்ஸ்ரேயை மனதில் வைத்தே பிளாஸ்டிக்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிந்திய கட்டத்தில், அச்சு வெட்டி உற்பத்தி தொடங்கியபின், "இதை எப்படிக் கிருமி நீக்குவது?" என்று கேட்டால் வரும் பதில் பெரும்பாலும் ஈஓதான். முறையை மாற்றினால் மூலப்பொருள் சோதனை, நாள்பட எப்படித் தாங்கும் என்று பார்க்கும் முதுமைச் சோதனை, சரிபார்ப்பு, ஒப்புதல் எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் பொருளை எந்த நிறுவனமும் விரும்பி அந்த வரிசையில் நிறுத்தாது.

அப்படியானால் ஈஓவை விட முடியாத பொருள்களுக்கு? வாயுவைக் குறைப்பதே வழி. இன்று பல ஆலைகள் பின்பற்றும் மிகைக்கொலை முறையில், எளிதில் சாகாத பத்து லட்சம் பாக்டீரியா வித்துகளை முழுதாக அழிக்கும் நேரத்தைக் கண்டுபிடித்து, அதைப்போல் இரண்டு மடங்கு நேரம் வாயுவில் வைக்கிறார்கள். தூய்மை அறையில் தயாரான பொருளின் மேல் உண்மையில் இருக்கும் கிருமிகள் அதைவிட மிக மிகக் குறைவு. அந்த உண்மையான எண்ணிக்கையை ஒழுங்காக அளந்து, அதற்கேற்ப வாயுவின் செறிவையும் நேரத்தையும் வகுக்க, ஈஓ கிருமி நீக்கத்துக்கான பன்னாட்டுத் தரநிலையான ஐஎஸ்ஓ 11135 இடம் தருகிறது. இதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம், புது இயந்திரமும் வேண்டாம். நுண்ணுயிரியல் ஆய்வகமும் சில மாதப் பொறுமையும் போதும். கிடங்குத் தொழிலாளியின் மூச்சில் போகும் வாயுவும் குறையும், புகைபோக்கியில் போவதும் குறையும், கதீட்டரும் தட்டுப்பாடின்றி வரும்.