வேக்ரன்ட் அப் அடித்துவிட்டுக் காத்திருந்தது போதும்

ஏழு வருடமாக என் வேலை எல்லாம் வேக்ரன்ட், விர்ச்சுவல்பாக்ஸ் கூட்டணியில்தான். விர்ச்சுவல்பாக்ஸ் லேப்டாப்புக்குள்ளேயே இன்னொரு கணினியை (விர்ச்சுவல் மெஷின்) ஓட்டும், வேக்ரன்ட் அந்த மெஷினை நாம் எழுதி வைத்தபடி எழுப்பித் தரும். ஒரு உபுண்டு லினக்ஸ் மெஷின், அதற்குள் வெப் வேலைக்கு வேண்டிய பிஎச்பி, மைஎஸ்கியூஎல், ரெடிஸ், நோட். ஆரம்பத்தில் மெஷினை எழுப்பும் 'வேக்ரன்ட் அப்' கட்டளையை அடித்துவிட்டுப் போய் டீ போட்டுக் குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தாலும் உபுண்டுவில் பேக்கேஜ்களை நிறுவும் ஏபிடி எதையோ இறக்கிக்கொண்டே இருக்கும்.

மெஷினுக்கு ராம் போதவில்லை என்று நினைத்து 2 ஜிபியை 4 ஆக்கினேன். லேப்டாப் ஃபேன் சத்தம்தான் கூடியது. அப்புறம் மெஷினுக்குள் எல்லாவற்றையும் நிறுவும் ஸ்கிரிப்ட்டில் (இந்த வேலைக்குப் பெயர் புரொவிஷனிங்) ஒவ்வொரு படிக்கும் மணியை அச்சிட வைத்துப் பார்த்தால், பாதிக்கு மேல் நேரம் ஒரே பேக்கேஜ்களைத் திரும்பத் திரும்ப இறக்குவதில் போயிருக்கிறது. இதை முதல் நாளே செய்திருக்கலாம்.

வேக்ரன்ட்-கேஷியர் என்ற பிளகின், இறக்கிய பேக்கேஜ்களை நம் லேப்டாப்பிலேயே வைத்து அடுத்த முறை அங்கிருந்து எடுத்துத் தரும். கொஞ்ச காலம் நன்றாக ஓடியது. ஆனால் 2015க்குப் பிறகு அதற்குப் புது வெளியீடு வராததால் விட்டுவிட்டேன். வேக்ரன்ட் 1.8 பதிப்பில் வந்த லிங்க்ட் குளோன், டிஸ்க்கை முழுசாக நகலெடுக்காமல் மெஷினை எழுப்பும். ஒரே பாக்ஸிலிருந்து (மெஷினை வார்க்கும் அச்சு) மூன்று நான்கு மெஷின் எழுப்புகிறவர்களுக்கு அருமை, ஒன்றே ஒன்று வைத்திருப்பவர்களுக்குப் பெரிய லாபம் இல்லை.

உண்மையில் காப்பாற்றியது சொந்த பேஸ் பாக்ஸ்தான். மாறாத சமாச்சாரங்களை எல்லாம் ஒரு முறை நிறுவி, 'வேக்ரன்ட் பேக்கேஜ்' போட்டு பாக்ஸாக்கிவிட்டால், புரொவிஷனிங்கில் மிஞ்சுவது டேட்டாபேஸ் டேபிள்களும் இரண்டு கான்ஃபிக் கோப்புகளும்தான். நான் செய்த முதல் பாக்ஸ், மெஷினுக்குள் நுழைய வேண்டிய எஸ்எஸ்எச் சாவி ஒத்துப்போகாமல் 'ஆதென்டிகேஷன் ஃபெயிலியர்' என்று கத்திக்கொண்டே இருந்தது, ஒரு சாயங்காலமே போயிற்று. பாக்ஸ் கட்டும்போது, வேக்ரன்ட் தானாகச் சாவியை மாற்றாதபடி, இன்செர்ட் கீ அமைப்பை ஃபால்ஸ் என்று வைத்தபின் அந்தத் தொல்லை இல்லை.

பிஎச்பிக்கும் நோட்டுக்கும் லைப்ரரிகளை இறக்கும் காம்போசரும் என்பிஎம்மும் தனிக் கதை. லேப்டாப்புக்கும் மெஷினுக்கும் பொதுவான ஷேர்டு ஃபோல்டருக்குள் ஆயிரக்கணக்கான குட்டிக் கோப்புகளை எழுதவிட்டால் எந்த மெஷினும் திணறும். அந்த ஃபோல்டரை என்எஃப்எஸ் என்ற வேறு முறையில் பகிர்ந்தால் வேகம், ஆனால் விண்டோஸ் வைத்திருக்கும் நண்பருக்கு அது வேலை செய்யாது. கடைசியில் என்பிஎம் இறக்கும் நோட் மாட்யூல்ஸை மெஷினுக்குள்ளேயே வைத்துவிட்டோம். ஏதாவது கிறுக்குத்தனமாகச் செய்து பார்ப்பதற்கு முன் மெஷினின் அப்போதைய நிலையை ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வைப்பேன், சொதப்பினால் ரீஸ்டோர், அவ்வளவுதான். டேட்டாபேஸும் பழைய நிலைக்கே போகும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது (மறந்திருக்கிறேன்).

குழுவில் பலர் முழு மெஷினுக்குப் பதில் கன்டெய்னர்களை ஓட்டும் டாக்கருக்குப் போய்விட்டார்கள், புதிதாகத் தொடங்குகிறவருக்கு நானும் அதையே சொல்வேன். பேஸ் பாக்ஸில் எனக்கு இன்னும் ஒரு பயம் உண்டு. ஒரு முறை அவசரத்துக்குக் கையால் நிறுவிய பிஎச்பி எக்ஸ்டென்ஷன் ஒன்று பாக்ஸுக்குள் போய்விட்டது, ஸ்கிரிப்ட்டில் ஏறவில்லை. புதிதாகச் சேர்ந்த பையன் வெறும் உபுண்டுவிலிருந்து கட்டி இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டான். அதிலிருந்து மாதம் ஒரு ராத்திரி எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து ஓடவிட்டுத் தூங்கப் போய்விடுவேன்.