டிராக் கூம்பைப் படம்பிடிக்க எந்த ஒளி? ஆறு, பதினொன்று, இருபது எலெக்ட்ரான் வோல்ட்: ஓர் ஒப்பீடு

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்துக் கல்லூரிகளில் எம்.எஸ்ஸி. இயற்பியல் முடித்துவிட்டு ஆராய்ச்சிக்குக் கிளம்பும் பிள்ளைகள் இப்போதெல்லாம் இப்படிக் கேட்கிறார்கள்: "சார், ரெண்டு குரூப்ல இடம் கிடைக்கும்போல இருக்கு. ரெண்டுமே டோப்பாலஜிக்கல் மெட்டீரியல், டைம் ரிசால்வ்டு ஆர்பெஸ். ஒரு இடத்துல ஆறு எலெக்ட்ரான் வோல்ட் லேசர், இன்னொரு இடத்துல ஹை ஹார்மோனிக். எதுக்குப் போகட்டும்?" எலெக்ட்ரான் வோல்ட் எண் என்பது ஒளியின் ஒவ்வொரு ஃபோட்டானுக்கும் உள்ள ஆற்றல்; ஹை ஹார்மோனிக் என்றால் அது இருபதும் அதற்கு மேலும். பெரிய எண் இருக்கும் இடம்தான் நல்ல இடம் என்ற எண்ணம் அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. பல பொருள்களுக்கு அது சரிப்படாது. ஏன் என்பதை விவரமாகவே எழுதுகிறேன். ஐந்தாறு வருட உழைப்பை எந்தக் கருவியோடு கழிப்பது என்ற முடிவு இது.

முதலில், எதைப் பார்க்கப் போகிறோம்? டோப்பாலஜிக்கல் பொருளான பிஸ்மத் செலினைடை எடுத்துக்கொள்வோம். உள்ளே ஏறத்தாழ 0.3 எலெக்ட்ரான் வோல்ட் இடைவெளி உள்ள குறைக்கடத்தி. மேற்பரப்பில் மட்டும் உலோகம்போல் மின்சாரம் கடத்தும் ஒரு நிலை உண்டு. ஆற்றலை உந்தத்துக்கு எதிராக வரைந்தால் அந்த நிலை ஒரு கூம்பாகத் தெரியும். அதுதான் டிராக் கூம்பு. 2009-இல் இதை நேரடியாகக் காட்டியது கோணப் பகுப்பு ஒளிஎலெக்ட்ரான் நிறமாலையியல், சுருக்கமாக ஆர்பெஸ். ஒளி பட்டு வெளியேறும் எலெக்ட்ரான் எந்தக் கோணத்தில், எந்த வேகத்தில் வருகிறது என்று அளந்தால் படிகத்துக்குள் அதற்கிருந்த உந்தமும் ஆற்றலும் கிடைத்துவிடும். ஐன்ஸ்டைன் 1905-இல் சொன்ன ஒளிமின் விளைவுதான் அடிப்படை.

நேரப் பகுப்பு இதில் சேரும்போது துடிப்புகள் இரண்டு வேண்டும். பம்ப் துடிப்பு எலெக்ட்ரான்களை மேல் நிலைகளுக்குத் தூக்கிவிடும். சற்றுப் பிந்தி வரும் ப்ரோப் துடிப்பு, அந்த நொடியில் யார் எங்கே இருக்கிறார்கள் என்பதை வெளியே இழுத்துக் காட்டும். இந்தப் பிந்தலை உண்டாக்கும் விதம் எளிமையானது. ஒரு கதிரின் பாதையில் இரண்டு கண்ணாடிகளை நகரும் மேடைமேல் வைப்பார்கள். மேடை 15 மைக்ரான் பின்னால் நகர்ந்தால் ஒளி போகவர 30 மைக்ரான் கூடுதலாக ஓட வேண்டும். அது 100 ஃபெம்டோ விநாடி (ஒரு ஃபெம்டோ விநாடி என்பது 10⁻¹⁵ விநாடி). மேடையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு இடத்திலும் ஒரு படம் எடுத்தால், எலெக்ட்ரான்கள் தூக்கப்பட்டதும் சிதறியதும் குளிர்ந்து இறங்கியதும் வரிசையாகக் கிடைக்கும்.

பம்ப் எல்லா ஆய்வகத்திலும் ஏறத்தாழ ஒன்றுதான். போட்டியெல்லாம் ப்ரோப் ஒளியைப் பற்றியது.

எந்த ஒளியை எடுத்தாலும் ஒரு கட்டுப்பாட்டுக்குத் தப்ப முடியாது. துடிப்பு குறுகினால் அதன் ஆற்றல் அகலும். காஸியன் வடிவத் துடிப்புக்கு இரண்டின் பெருக்கல் 1825 மில்லி எலெக்ட்ரான் வோல்ட் ஃபெம்டோ விநாடிக்குக் கீழே போகாது. 100 ஃபெம்டோ விநாடித் துடிப்பு என்றால் சிறந்த நிலையில் 18 மில்லி எலெக்ட்ரான் வோல்ட் துல்லியம். 20 ஃபெம்டோ விநாடி என்றால் 90-ஐத் தாண்டிவிடும். அதனால் "எங்கள் கருவி வேகமானது" என்று ஒரு குழு பெருமையாகச் சொன்னால், ஆற்றல் துல்லியம் எவ்வளவு என்று உடனே கேட்டுவிட வேண்டும்.

இனி ஆறு எலெக்ட்ரான் வோல்ட். டைட்டானியம் சஃபையர் லேசரின் 800 நானோமீட்டர் ஒளியை பிபிஓ (பேரியம் போரேட்) படிகங்கள் வழியாக அனுப்பி, அதிர்வெண்ணை நான்கு மடங்காக்கினால் 200 நானோமீட்டர், அதாவது 6.2 எலெக்ட்ரான் வோல்ட் கிடைக்கும். எல்லாம் ஒரே மேசைமேல், திறந்த காற்றில் நடக்கும். வெற்றிட அறைக்குள் ஒரு சன்னல் வழியாக ஒளியை விட்டால் போதும். (நம் மணவாளக்குறிச்சிக் கருமணலில் இருக்கும் இல்மனைட்டும் டைட்டானியத் தாதுதான். அந்த டைட்டானியம் துளியளவு கலந்த நீலக்கல்தான் 1982 முதல் இந்தத் துறையின் முதுகெலும்பு என்பதை நம் ஊர்ப் பிள்ளைகளிடம் சொல்லாமல் இருக்க எனக்கு மனம் வராது.)

இதன் குறையும் எல்லோருக்கும் தெரிந்ததே. எலெக்ட்ரான் வெளியேற வேலைச்சார்பு என்ற தடையைத் தாண்ட வேண்டும். அதை 4.5 என்று வைத்துக்கொண்டால், ஆறில் மிஞ்சுவது 1.5 எலெக்ட்ரான் வோல்ட். மேற்பரப்புக்கு இணையான உந்தம் 0.512-ஐ இயக்க ஆற்றலின் வர்க்கமூலத்தாலும் கோணத்தின் சைனாலும் பெருக்கினால் வரும். முழுக் கிடையாக வெளியேறினாலும் 0.63-க்குமேல் போகாது, அலகு ஆங்ஸ்ட்ராமின் தலைகீழ். 45 பாகை வரை அளக்க முடிந்தால் 0.44. வேலைச்சார்பு கூடிய பொருளில் இன்னும் குறையும்.

பிஸ்மத் செலினைடின் கூம்பு இருப்பதோ சுழியத்தில், காமா புள்ளியில். எலெக்ட்ரான்கள் நிரம்பியிருக்கும் உச்ச ஆற்றலான பெர்மி மட்டத்தில்கூட அதன் அகலம் மையத்திலிருந்து 0.1 அளவுதான். நமக்கு வேண்டியதெல்லாம் அந்தச் சின்ன வட்டத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது! மெதுவாக வரும் எலெக்ட்ரான் என்பதால் அதே உந்த இடைவெளி பெரிய கோணமாக விரிகிறது. உந்தத் துல்லியமும் கூடுகிறது. இதனால்தான் இந்தக் குடும்பத்தின் முக்கியமான முடிவுகள் பல இந்தச் சின்ன ஒளியிலிருந்தே வந்தன. 2012-இல் ஸ்டான்ஃபோர்ட் குழு பி வகை பிஸ்மத் செலினைடில் 1.5 எலெக்ட்ரான் வோல்ட் பம்ப், 6 எலெக்ட்ரான் வோல்ட் ப்ரோப் வைத்துப் பார்த்தபோது, மேற்பரப்பு நிலையில் ஏறிய எலெக்ட்ரான்கள் 10 பிகோ விநாடிக்குமேல், அதாவது 10,000 ஃபெம்டோ விநாடிக்குமேல், அங்கேயே தங்கின. உள்ளே இருக்கும் கடத்துப் பட்டை ஒரு தேக்கமாக நின்று மேற்பரப்புக்கு ஊட்டிக்கொண்டே இருந்தது காரணம். மெதுவான எலெக்ட்ரான்கள் ஆழத்திலிருந்தும் தப்பி வரும் என்பதால், உள்பட்டையையும் மேற்பரப்பையும் ஒரே படத்தில் பார்க்க முடிந்தது. அடுத்த ஆண்டு எம்.ஐ.டி. குழு, 120 மில்லி எலெக்ட்ரான் வோல்ட் ஃபோட்டான்கள் கொண்ட அகச்சிவப்புப் பம்பால் கூம்பை ஆட்டி, அதே 120 இடைவெளியில் கூம்பின் நகல்கள் மேலும் கீழும் தோன்றுவதைக் காட்டியது. ஃப்ளோகே-பிளாக் நிலைகள் என்று பெயர் பெற்ற கண்டுபிடிப்பு அது. 90 மில்லி எலெக்ட்ரான் வோல்ட் மங்கலில் அந்த நகல்களைப் பிரித்தறிவது மிகக் கடினமாகியிருக்கும்.

ஆறின் இன்னொரு பலம் துடிப்புகளின் எண்ணிக்கை. இதைப் புரிந்துகொள்ள வடசேரி பஸ் ஸ்டாண்டில் காலை எட்டரைக்கு ஒரு பஸ் காலியாவதைப் பார்த்தால் போதும்: எல்லோரும் ஒரே வாசலில் இறங்கும்போது முன்னால் இருப்பவர் தள்ளப்பட்டு வேகமாக விழுவார், பின்னால் இருப்பவர் தடைபட்டு நிற்பார். ஒரே துடிப்பில் நிறைய எலெக்ட்ரான்கள் கிளம்பினால் ஒன்றையொன்று விலக்கி இப்படித்தான் வேகம் மாறிவிடும். ஆற்றல் அளவே பொய்யாகிவிடும். இதை வெளி மின்னூட்ட விளைவு (ஸ்பேஸ் சார்ஜ்) என்பார்கள். தீர்வு, ஒரு துடிப்புக்குச் சில எலெக்ட்ரான்கள், துடிப்புகள் மட்டும் ஏராளம். ஆறு எலெக்ட்ரான் வோல்ட் அமைப்பில் விநாடிக்கு 2,50,000 துடிப்பு சாதாரணம். துடிப்புக்கு நூறு எலெக்ட்ரான் என்றாலும் விநாடிக்கு இரண்டரைக் கோடி. விநாடிக்கு 1,000 துடிப்பு மட்டும் தரும் அமைப்பில் அதே கட்டுப்பாட்டோடு ஒரு லட்சம்தான் வரும்.

பதினொன்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். இட்டெர்பியம் லேசரின் 1030 நானோமீட்டர் ஒளியின் அதிர்வெண்ணை மூன்று மடங்காக்கி 343 நானோமீட்டர் ஆக்கி, அதை செனான் வாயுவில் மறுபடி மூன்று மடங்காக்கினால் 114 நானோமீட்டர், 10.8 எலெக்ட்ரான் வோல்ட். காற்று இதை விழுங்கிவிடும் என்பதால் பாதை முழுக்க வெற்றிடம் வேண்டும். ஆனாலும் லித்தியம் ஃபுளூரைடு சன்னல் இந்த ஒளியை விடும் என்பது பெரிய வசதி. உந்த எல்லை இரட்டிப்பாகி 1.3 ஆகிறது. வெயில் (Weyl) அரைஉலோகம் என்பது உள்பட்டைகள் தனித்தனிப் புள்ளிகளில் தொட்டுக்கொள்ளும் பொருள்; அந்த வெயில் புள்ளிகளை இணைக்கும் மேற்பரப்பு நிலைகள்தான் பெர்மி வளைவுகள். டான்டலம் ஆர்சனைடு போன்றவற்றில் இவை பிரில்லவின் மண்டலத்தின், அதாவது படிகத்தின் அடிப்படை உந்தப் பரப்பின், விளிம்புக்கு அருகே, 0.9 பக்கத்தில் கிடக்கின்றன. ஆறுக்கு அங்கே கை எட்டாது. பதினொன்றுக்கு எட்டும். கிராஃபீனின் மண்டல மூலையான கே புள்ளி 1.7-இல் இருக்கிறது, அங்கே பதினொன்றும் போகாது. ஆற்றல் துல்லியத்தையும் அதிகத் துடிப்பையும் விடாமல் எல்லையை மட்டும் நீட்டித் தருவதால், புதிதாகக் கட்டும் குழுக்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

இருபதும் அதற்கு மேலும் என்றால் ஹை ஹார்மோனிக். தீவிர லேசர் துடிப்பை ஆர்கான் போன்ற மந்த வாயுவில் குவித்தால், மின்புலம் அணுவிலிருந்து எலெக்ட்ரானைப் பிய்த்து, ஓடவிட்டு, திரும்பக் கொண்டுவந்து மோதவைக்கும். அந்த மோதலில் ஒற்றைப்படை ஹார்மோனிக்குகள் வரிசையாக வெளிப்படும். ஆன் லூயிலியே 1987-இல் கவனித்த இந்த நிகழ்விலிருந்து வளர்ந்த அட்டோ விநாடித் துடிப்புகளுக்குத்தான் 2023-இன் இயற்பியல் நோபல். 21.7 எலெக்ட்ரான் வோல்ட் ப்ரோப் வைத்தால் உந்த எல்லை 2.1. எந்தப் பொருளின் முதல் மண்டலமும் கிட்டத்தட்ட முழுமையாக அகப்படும். ஜப்பானின் ஒகினாவா நிறுவனத்தில் 2020-இல் டங்ஸ்டன் டைசெலினைடின் இருண்ட எக்ஸிட்டான்களை (ஒளியை உமிழாத எலெக்ட்ரான்–துளை இணைகளை) நேரடியாகக் கண்டது இந்த ஒளியால்தான். அவற்றின் எலெக்ட்ரான் கியூ பள்ளத்தாக்கில் இருக்கும்; ஒப்பிட வேண்டிய ஒளிரும் எக்ஸிட்டான்கள் இருக்கும் கே பள்ளத்தாக்கு 1.3 அருகில், ஆறு வைத்து அதைக் கனவிலும் பார்க்க முடியாது. வேகமும் கிடைக்கும்: டைட்டானியம் டைசெலினைடில் மின்னூட்ட ஒழுங்கு சரியும் கணத்தை 2011-இல் பின்தொடர்ந்ததும் இந்த வழியில்தான். மேலும், இந்த ஆற்றலில் எலெக்ட்ரான் ஒரு நானோமீட்டருக்கும் குறைந்த ஆழத்திலிருந்தே தப்புகிறது. மேற்பரப்பை மட்டும் பார்க்க விரும்புவோருக்கு அது லாபம்.

விலை என்ன? இந்த ஒளியை விடும் சன்னலே கிடையாது. வாயு பீய்ச்சும் அறையிலிருந்து மாதிரி இருக்கும் அறைவரை ஒரே திறந்த குழாய். ஒரு முனையில் வாயு கொட்டும். மறுமுனையில் 10⁻¹⁰ மில்லிபார் வெற்றிடம் காக்க வேண்டும். இடையில் வெற்றிடப் பம்புகளாக அடுக்க வேண்டும். வரிசையாக வரும் ஹார்மோனிக்குகளில் ஒன்றை மட்டும் பிரிக்க வேண்டும். பிரிக்கும்போது துடிப்பு நீளக்கூடாது. ஆய்வு மாணவர் ஒருவரின் முதல் இரண்டு ஆண்டுகள் இதிலேயே போய்விடக்கூடும். அந்தக் கைத்திறன் வாழ்நாள் சொத்து என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பார்க்க வேண்டிய பொருள் பிஸ்மத் செலினைடு என்றால், அந்த உழைப்புக்குப் பதிலாக மங்கிய படம்தான் கையில் வரும்.

முடுக்கியில் ஓடும் எலெக்ட்ரான் கற்றையிலிருந்து ஒளி எடுக்கும் கட்டற்ற எலெக்ட்ரான் லேசரைப் பற்றி நிறையச் சொல்லத் தேவையில்லை. ஹாம்பர்க் நகரின் ஃப்ளாஷ் 2005 முதல் ஆய்வாளர்களுக்குத் திறந்திருக்கிறது. அணுவின் உள்கூட்டு எலெக்ட்ரான்களை ஃபெம்டோ விநாடி அளவில் பார்க்க வேண்டுமென்றால் அங்கேதான் போக வேண்டும். மற்றபடி, விண்ணப்பித்துக் காத்திருந்து சில நாள் கற்றை நேரம் வாங்கி, வெளி லேசருக்கும் அதற்கும் இடையிலான நேர நடுக்கத்தோடு போராடுவது, முனைவர் பட்டத்தின் முழு ஆதாரமாக இருக்க முடியாது.

ஒளி மட்டுமல்ல, பிடிக்கும் கருவியிலும் போட்டி உண்டு. அரைக்கோளப் பகுப்பானில் ஒரு நேரத்தில் உந்தத்தின் ஒரு கோடுதான் விழும். அந்தக் கோட்டில் எண்ணிக்கை வேகமாகக் குவியும். உந்த நுண்ணோக்கியில் இரு திசை உந்தமும் ஆற்றலும் ஒன்றாகப் பதிவாகும். ஆனால் உணரி ஒரு துடிப்புக்கு ஓரிரு எலெக்ட்ரான்தான் தாங்கும். எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்தவருக்கு அரைக்கோளம் லாபம். எங்கே என்றே தெரியாத புதுப் பொருளுக்கு நுண்ணோக்கி.

தக்கலைப் பெண் ஒருத்தி டங்ஸ்டன் டைடெலுரைடை எடுக்கப் போவதாகச் சொன்னாள். "வெயில் அரைஉலோகம்தானே சார், அப்ப ஹை ஹார்மோனிக்தானே வேணும்?" என்றாள். அப்படியில்லை. அதன் வெயில் புள்ளிகள் காமாவிலிருந்து அதிக தூரத்தில் இல்லை. பெர்மி மட்டத்துக்குச் சற்று மேலே இருப்பதாகக் கணக்குகள் சொல்கின்றன. சாதாரண ஆர்பெஸில் வெறுமையாகக் கிடக்கும் அந்த இடத்தைப் பம்ப்தான் நிரப்பிக் காட்ட வேண்டும். இடைவெளிகள் நுணுக்கமானவை. ஆற்றல் துல்லியம்தான் அங்கே உயிர். ஆறு எலெக்ட்ரான் வோல்ட் ஆய்வகத்துக்கே போகச் சொன்னேன். டான்டலம் ஆர்சனைடு என்றிருந்தால் பதினொன்று என்றிருப்பேன். இரண்டுமே வெயில் அரைஉலோகம்தான். புள்ளி இருக்கும் இடம்தான் வேறு.

சேர்வதற்கு முன் அந்தப் பொருளின் நிலையான பட்டை வரைபடத்தைப் பார்த்துவிட வேண்டும். இந்தூரில் உள்ள இண்டஸ்-2 சிங்க்ரோட்ரானில் (வட்டப் பாதையில் ஓடும் எலெக்ட்ரான்களிலிருந்து ஒளி தரும் முடுக்கியில்) ஆர்பெஸ் நிலையம் இருக்கிறது. ஒளியின் ஆற்றலை மாற்றி மாற்றி, எது மேற்பரப்பு நிலை, எது உள்பட்டை என்று அங்கே பிரித்துவிடலாம். ஒற்றை ஆற்றல் கொண்ட லேசரால் அது முடியாது.

ஆய்வகத்தை நேரில் பார்க்கப் போனால், மாதிரியை உரிப்பதைக் காட்டச் சொல்லுங்கள். படிகத்தின் தலையில் ஒட்டுநாடாவை ஒட்டி உள்ளே கொண்டுபோய், வெளியிலிருந்து அசைக்கும் நீளக் கம்பியால் நாடாவைத் தட்டி இழுப்பார்கள். பளபளவென்று புது முகம் வரும். அந்த முகம் சில மணி நேரத்திலேயே வயதாகத் தொடங்கும். பட்டைகள் கீழே நகரும். வெற்றிடம் எவ்வளவு, ஒரு முகம் எத்தனை மணி நேரம் தாங்கும், ஒரு முழு நேர வரிசையை அதற்குள் எடுத்து முடிக்கிறார்களா என்று கேளுங்கள்.

நம் மாவட்டத்திலேயே இப்படி ஒரு மேசையை அமைக்க ஆசைப்படும் ஆசிரியர்களுக்கும் ஒரு சொல். தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு பருவமும் நனைக்கும் ஊர் இது, கடற்காற்றும் கூட. பிபிஓ படிகம் ஈரத்தை உறிஞ்சும். முகம் மங்கினால் 200 நானோமீட்டர் ஒளி சட்டென்று குறையும். படிகத்தை எப்போதும் மிதமான சூட்டில் வைக்கும் தாங்கியும், ஈரம் நீக்கும் கருவியும், மின்வெட்டில் வெற்றிடப் பம்புகளைத் தாங்கும் யு.பி.எஸ்.ஸும் லேசருக்கு முன்பே பட்டியலில் வர வேண்டும். இந்த மூன்றுக்கும் பணம் ஒதுக்க முடிந்தால் ஆறு எலெக்ட்ரான் வோல்ட் அமைப்பு இங்கே நடக்கும்.