வேதியியல் மாட்: எதைச் சொல்லிவிடுவது, எதை விட்டுவைப்பது?

வேதியியலை வைத்து கேம் மாட் (ஏற்கெனவே உள்ள ஒரு கணினி விளையாட்டில் ரசிகர்கள் செய்து சேர்க்கும் கூடுதல் பகுதி) செய்பவர்கள் சீக்கிரமே ஒரு சண்டையில் மாட்டிக்கொள்கிறார்கள். எதை எதோடு சேர்த்தால் எது கிடைக்கும் என்ற ரெசிபியைக் காட்டிவிட்டால் புதிரில் என்ன மிச்சம் என்று ஒரு கட்சி கேட்கிறது. காட்டாவிட்டால் ஆட்டக்காரர் விக்கியைத் திறந்து படித்துக்கொள்ளத்தான் போகிறார், அதை ஆட்டத்துக்குள்ளேயே கொடுத்துத் தொலைக்கலாமே என்கிறது இன்னொரு கட்சி. நான் இரண்டாம் கட்சி. ஆனால் முதல் கட்சியிடமும் ஒரு நியாயம் இருக்கிறது; அதை முதலில் பார்த்துவிடலாம்.

எதையும் சொல்லாமல் 'கலந்து பார், தெரியும்' என்று விடுவது அவர்கள் வழி. மைன்கிராஃப்ட் என்ற விளையாட்டின் கல்விப் பதிப்பில் 2018இல் வந்த வேதியியல் கருவிகளில் இந்த வழியின் பலமும் பலவீனமும் அடுத்தடுத்து இருக்கின்றன. தனிமம் உருவாக்கும் கருவியில் புரோட்டான், நியூட்ரான், எலக்ட்ரான் எண்ணிக்கையை மாற்றலாம். புரோட்டான் ஒன்று கூடினால் அடுத்த தனிமம். இரண்டு மூன்று முறை தட்டிப் பார்த்த சிறுவனுக்குக்கூட விதி பிடிபட்டுவிடும். மீதியை அவனே ஊகிப்பான். இதுதான் கண்டுபிடிப்பு. பக்கத்திலேயே சேர்மம் உருவாக்கும் கருவி. தண்ணீருக்கு இரண்டு ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன் என்பது பலருக்கும் தெரியும். லூமினாலுக்கு 8 கார்பன், 7 ஹைட்ரஜன், 3 நைட்ரஜன், 2 ஆக்சிஜன் என்று யார் யோசித்துச் சொல்ல முடியும்? அங்கே கண்டுபிடிக்க எதுவும் இல்லை. ஒன்று மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் வேறெங்காவது பார்க்க வேண்டும்.

அம்மோனியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேரும் என்பது வரை ஊகம் போகும். இரும்பு வினையூக்கி, 400 முதல் 500 டிகிரி செல்சியஸ், வளிமண்டலத்தைப் போல நூறு மடங்குக்கும் மேலான அழுத்தம் என்பது வரை போகாது. அம்மோனியா தயாரிக்கும் இந்த ஹேபர் முறைக்கு மலிவான வினையூக்கி தேடி ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் என்ற வேதிப்பொருள் நிறுவனத்தில் ஆல்வின் மிட்டாஷின் குழு ஆயிரக்கணக்கான சோதனைகள் செய்தது. 1913இல்தான் ஜெர்மனியின் ஓப்பாவில் ஆலை ஓடத் தொடங்கியது. அத்தனை பேரின் உழைப்பை ஒரு ஆட்டக்காரர் சனிக்கிழமை சாயங்காலத்தில் திரும்பச் செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம்.

ஆகவே மாட்டுக்குள் விதி ஓடுகிறதா, பட்டியல் ஓடுகிறதா என்று பாருங்கள். உலோகங்களின் வினைத்திறன் வரிசையை (எந்த உலோகம் எதைக் கரைசலிலிருந்து வெளியேற்றும் என்பதை) விதியாகவே எழுதியிருந்தால், காப்பர் சல்பேட்டில் துத்தநாகத்தைப் போட்டு தாமிரம் படிவதைப் பார்த்தவர் இரும்பையும் போட்டுப் பார்ப்பார். வெள்ளியைப் போட்டு ஒன்றும் நடக்காததையும் புரிந்துகொள்வார். அங்கே தாராளமாக மறைக்கலாம். பட்டியல் மட்டும்தான் என்றால் திறந்து காட்டிவிடுங்கள்.

திறந்து காட்டுவதிலும் இரண்டு பாணி. ஒரு பொருளைத் தேடினால் அதன் ரெசிபிகளைக் காட்டும் ஜேஇஐ போன்ற ரெசிபி பார்வையி ஒன்று, செய்ய வேண்டிய வேலைகளை வரிசையாகச் சொல்லும் குவெஸ்ட் புத்தகம் மற்றொன்று. முன்னது கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும். ஆனால் என்ன கேட்பது என்று தெரிந்திருக்க வேண்டும். பெரிய மாட்பேக்கில் (பல மாட்களின் தொகுப்பில்) ஒரு கரைப்பானைத் தேடினால் அரை டஜன் வழிகள் வந்து நிற்கும்; புதியவருக்கு அத்தனையும் ஒரே மாதிரி தெரியும். குவெஸ்ட் புத்தகம் அடுத்த அடி எது என்று காட்டும். கிரெக்டெக் நியூ ஹொரைசன்ஸ் போன்ற நீண்ட பேக்கை அது இல்லாமல் தொடங்குவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஆனால் 'இதைச் செய், பரிசு வாங்கு' என்று மட்டும் எழுதிவைத்தால் ஆட்டக்காரர் டிக் அடித்துக்கொண்டே போவார், எதற்கு என்றே தெரியாமல். இரண்டில் ஒன்றுதான் என்றால் பார்வையியையே எடுப்பேன். குவெஸ்ட் எழுதுபவருக்கு 'ஏன்' என்று ஒரு வரி எழுதும் பொறுமை இருந்தால் இரண்டும் வேண்டும். காசு கொடுத்தால் துப்பு தரும் பொத்தான்களைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை: தேவைப்படுபவரிடம் காசு இருக்காது, இருப்பவருக்குத் துப்பு தேவைப்படாது.

ரெசிபி தெரிந்தால் புதிர் போய்விடும் என்ற பயத்துக்கு 2011இல் வந்த ஸ்பேஸ்கெம் என்ற புதிர் விளையாட்டே பதில். உள்ளே வரும் மூலக்கூறு எது, வெளியே போக வேண்டியது எது, எல்லாம் திரையில் இருக்கும். எப்படி என்பது மட்டும் இருக்காது. அந்த ஒன்றே மணிக்கணக்கில் உட்காரவைக்கும்.

வேதியியல் மாட்டில் அந்த 'எப்படி' பெரும்பாலும் உடன்விளைபொருளில் இருக்கிறது. உப்புநீரை மின்னாற்பகுத்தால் 2 மோல் காஸ்டிக் சோடாவோடு 1 மோல் குளோரினும் 1 மோல் ஹைட்ரஜனும் வரும். ஆட்டக்காரருக்குத் தேவை காஸ்டிக் சோடா மட்டும். குளோரின் டேங்க் நிறைந்ததும் இயந்திரம் நின்றுவிடும். இங்கே ரெசிபியைக் காட்டினாலும் காட்டாவிட்டாலும் சிக்கல் அப்படியே இருக்கும்.

இந்த இடத்தில் புதியவருக்கு எப்படி உதவுவது? சிக்கலையே எடுத்துவிடுவது ஒரு வழி. ஆலை கட்டும் விளையாட்டான ஃபேக்டோரியோ 2019இல் அதைத்தான் செய்தது. அதற்கு முன் அடிப்படை எண்ணெய்ச் சுத்திகரிப்பிலேயே கனரக எண்ணெய், இலகு எண்ணெய், பெட்ரோலிய வாயு மூன்றும் வந்தன. அவற்றை உடைத்து மாற்றும் வழியோ அடுத்த கட்ட ஆராய்ச்சிக்குப் பிறகுதான். நடுவில் டேங்க் நிறைந்து ஆலை நிற்கும். மாற்றத்துக்குப் பின் முதல் கட்டத்தில் வாயு மட்டும் வருகிறது. மூன்றும் அடுத்த கட்டத்தில். மூல ஆட்டத்துக்கு அது சரியான முடிவு. மாட்டுக்கு அதே முடிவை நான் எடுக்க மாட்டேன். வேதியியல் மாட்டை இறக்கிப் போடுபவர் அந்தத் தொல்லையைத் தேடித்தான் வருகிறார்.

இன்னொரு வழி, சிக்கலை விட்டுவைத்துவிட்டு, ஏன் நின்றது என்று இயந்திரத்தையே சொல்லவைப்பது. சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தால் போதாது. 'குளோரின் வெளியேற இடமில்லை' என்று வர வேண்டும். தவறான முயற்சிக்கும் ஒரு விளைவு கொடுக்கலாம். கந்தக அமிலம் செய்ய நினைத்து கந்தக டிரையாக்சைடை நேரே தண்ணீரில் விட்டால் 'செல்லாத ரெசிபி' என்று காட்டாமல், நிஜத்தில் வருவதுபோல் அமில மூடுபனியை வரவிடுங்கள். அடர் கந்தக அமிலத்தில் உறிஞ்சவைத்து ஓலியமாக்கி, பிறகு நீர்க்க வேண்டும் என்பதற்கு அந்த மூடுபனியைவிட நல்ல துப்பு கிடையாது. மாடருக்கு இதில் வேலை அதிகம், ஒவ்வொரு தோல்வியையும் தனியாக எழுத வேண்டும். நேரம் குறைவாக இருந்தால் புது ரெசிபிகளைக் குறைத்துவிட்டு இதற்கு ஒதுக்கலாம்.

கடைசியாக, கழிவை அழிக்கும் இயந்திரம். இலவசமாகக் கொடுத்தால் குளோரின் புதிர் அன்றோடு முடிந்தது. கொடுக்கவே இல்லையென்றால் புதியவர் அங்கேயே நின்றுபோவார். விலையை மாடர் மண்டையைக் குடைந்து யோசிக்க வேண்டியதில்லை, வேதியியலே வைத்திருக்கிறது. குளோரினைக் காஸ்டிக் சோடாவில் உறிஞ்சவைத்து வெளுப்புக் கரைசலாக்கலாம். 1 மோல் குளோரினுக்கு 2 மோல் காஸ்டிக் சோடா செலவாகும், அதாவது கிடைத்தது முழுவதும். குளோரினை ஹைட்ரஜனோடு சேர்த்து ஹைட்ரோகுளோரிக் அமிலமாக்கி, அதைக் காஸ்டிக் சோடாவால் நடுநிலையாக்கினாலும் கணக்கு அதேதான். தொடங்கிய உப்புநீரே திரும்ப வரும். இந்தக் கழிவு வழியை முதல் நாளிலிருந்தே திறந்துவைக்கலாம். குவெஸ்ட் புத்தகத்தில் 'குளோரினைக் கழுவ ஒரு வழி' என்று தலைப்பிட்டு, இரண்டு சமன்பாடுகளையும் கொடுத்து, கூட்டிக் கழிப்பதை மட்டும் ஆட்டக்காரரிடம் விட்டுவிடுங்கள்.