கன்றுத்தோல் பைரனும் ஆட்டுத்தோல் டென்னிசனும்

பழைய ஆங்கிலக் கவிதை நூல்களைச் சேர்க்கத் தொடங்கியது லண்டனுக்கு வந்த பிறகுதான். முதலில் வாங்கியது ஜான் முர்ரே 1832-33இல் 17 தொகுதிகளாக வெளியிட்ட பைரன். கன்றுத்தோல் பைண்டிங். அடுத்தது எட்வர்ட் மாக்சன் 1857இல் படங்களோடு கொண்டுவந்த டென்னிசன். இது ஆட்டுத்தோல், வியாபாரிகள் மொராக்கோ என்பார்கள். இரண்டையும் வைத்துப் பழகியவன் என்ற முறையில், என் வாக்கு மொராக்கோவுக்கே.

அழகில் கன்றுத்தோல் முந்தும். தேன் நிறம், கண்ணாடிபோல் வழவழப்பு. விலையும் எனக்குக் குறைவாகவே அமைந்தது. துணி அட்டை இன்னும் மலிவு, ஆனால் அது வந்ததே 1820களில்தான்.

வாங்கிய பிறகு வரும் பராமரிப்பில்தான் எல்லாம் மாறுகிறது. பைரனைத் தொட்டாலே விரலில் செம்பொடி ஒட்டும். இதற்கு ரெட் ராட் என்று பெயர். சில மரப்பட்டைகளில் பதனிட்ட தோல், நிலக்கரிப் புகையிலும் கேஸ் விளக்கிலும் உள்ள கந்தகத்தை உறிஞ்சி, உள்ளுக்குள்ளேயே அமிலமாக்கிக்கொள்கிறது. லண்டன் சொசைட்டி ஆஃப் ஆர்ட்ஸ் அமைத்த குழு 1901இலேயே இதை ஆராய்ந்து, சுமாக் இலையில் பதனிட்ட ஆட்டுத்தோலைப் பரிந்துரைத்தது. மட்டமானவை என்று அது ஒதுக்கியவற்றில் இந்தியாவில் பதனிட்ட ஆட்டுத்தோலும் செம்மறித்தோலும் உண்டு. மதராசிலிருந்து கப்பலேறிய தோல்கள் நம் ஆவாரம்பட்டையில் பதனிட்டவை என்பதை அறிந்தபோது மனம் கொஞ்சம் கனத்தது. ஆகவே ஆட்டுத்தோல் என்றதும் நம்பிவிடக் கூடாது. முதுகும் அட்டையும் சேரும் மடிப்பில் வெள்ளைத் துணியால் மெல்லத் தேய்த்துப் பாருங்கள், சிவந்தால் வேண்டாம்.

பழைய கையேடுகளை நம்பி பைரனின் இரண்டு தொகுதிகளுக்கு லனோலின் என்ற ஆட்டுரோமக் கொழுப்பு கலந்த எண்ணெய் பூசினேன். தோல் கறுத்துப் பிசுபிசுத்ததுதான் மிச்சம். இன்றைய பாதுகாப்பு வல்லுநர்கள் எண்ணெயைத் தவிர்த்து, குளூசெல் ஜி என்ற செல்லுலோஸ் பொருளை ஆல்கஹாலில் கரைத்துப் பூசுகிறார்கள். பொடி உதிர்வது அடங்கும். இழந்த வலு திரும்பாது. ஒரு தொகுதிக்கு முதுகு மாற்றக் கேட்ட கூலி, அதை வாங்கிய விலையைவிட அதிகம். டென்னிசனுக்கு நான்கு ஆண்டுகளில் தூசி தட்டியதைத் தவிர எதுவும் செய்யவில்லை.

இதெல்லாம் லண்டன் வீட்டு அனுபவம். சென்னை போன்ற கடலோர ஈரத்தில் இரண்டையும் வைத்துப் பார்த்ததில்லை. வெல்லம் (vellum) எனப்படும் பதனிடாத தோல் பைண்டிங்கில் ஒரே ஒரு நூல்தான் என்னிடம் உண்டு, அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

பைரனை விற்கப்போவதில்லை. அட்டை பிரிந்த ஆறு தொகுதிகளைப் பருத்தி நாடாவால் கட்டி, படுக்கைவாக்கில் அடுக்கியிருக்கிறேன்.