டவுன்ஸ்கேப்பர்: கொடியில் துணி இருக்கிறது, எடுக்கத்தான் ஆளில்லை

போன வாரம் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போய் மவுஸின் இடது பட்டனுக்குப் புது ஸ்விட்ச் போட்டுக்கொண்டு வந்தேன். ஒரு தடவை அழுத்தினால் இரண்டு தடவையாக எடுத்துக்கொள்ளும் கோளாறு. ஆபீஸ் வேலையில் பெரிதாகத் தெரியவில்லை, டவுன்ஸ்கேப்பர் என்ற ஊர் கட்டும் கம்ப்யூட்டர் விளையாட்டில்தான் பிடிபட்டது. ஒரு மாடி வைத்தால் இரண்டு மாடி எழும்பி நிற்கும். வலது பட்டனால் ஒன்றை எடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனால் அங்கேயும் இரண்டு. மூன்று வாரம் இப்படியே ஓட்டினேன். இதைக் கேட்ட ஆபீஸ் தம்பி ஒருவன், "அண்ணா, அவ்வளவு நல்லா இருக்குமா? வாங்கலாமா?" என்றான். அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2021 ஆகஸ்டில் முழுப் பதிப்பு வந்த கொஞ்ச நாளிலேயே வாங்கிவிட்டேன். பணம், வரி, மின்சாரம், டிராஃபிக் எதையும் பார்க்க வேண்டாம். கடல்மேல் கட்டை வைக்கலாம், எடுக்கலாம், 15 நிறத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். அவ்வளவுதான் விளையாட்டு.

ஆனால் அந்த ஒரு கட்டையை வைக்கும்போது நடப்பது இருக்கிறதே! 'ப்ளக்' என்று விழும், வீடு லேசாகக் குலுங்கி நிமிரும், பக்கத்துக் கூரையில் உட்கார்ந்திருந்த பறவைகள் எழுந்து பறக்கும். சுற்றிலும் வீடு கட்டி நடுவில் தரையை மட்டும் விட்டு வையுங்கள். வளையத்தை மூடும் கடைசிக் கட்டை விழுந்ததும் கல்தரை புல்தரையாகிவிடும். நம் ஊர் முற்றம் மாதிரி ஒன்று, நாம் கேட்காமலே கிடைக்கும். அக்கம்பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்து, அதற்குப் பொருந்துகிற சுவர், ஜன்னல், வளைவு, படிக்கட்டு எல்லாவற்றையும் விளையாட்டே தேர்ந்தெடுக்கிறது. 'வேவ் ஃபங்ஷன் கொலாப்ஸ்' என்ற முறையை வைத்து இதைச் செய்தவர் ஸ்வீடனைச் சேர்ந்த ஆஸ்கர் ஸ்டோல்பெர்க். அந்த மனிதருக்கு நான் நிஜமாகவே கடன்பட்டிருக்கிறேன்.

ஏன் என்று சொல்கிறேன். 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். வேளச்சேரியில் எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர், கரண்ட் இல்லை. வாசல் படியில் தண்ணீர் எதுவரை வந்திருக்கிறது என்று அரை மணிக்கு ஒருதரம் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். லேப்டாப்பில் கொஞ்சம் சார்ஜ் இருந்தது. அந்த இருட்டில் அம்மாவும் நானும் உட்கார்ந்து கடலுக்கு நடுவே ஒரு ஊர் கட்டினோம். அடியில் இருக்கும் கட்டைகளை எடுத்தால் வீடு கம்பங்களின்மேல் நிற்கும், தண்ணீர் மட்டும் ஏறவே ஏறாது. அம்மா நிறம் சொல்லச் சொல்ல நான் வைத்துக்கொண்டே போனேன். சார்ஜ் தீரும்வரை படியில் எத்தனை தண்ணீர் என்று நாங்கள் எழுந்துபோய்ப் பார்க்கவில்லை.

அன்றைக்குத்தான் அம்மா கேட்டார், "கொடியில துணி காயுதே, யாருடா எடுப்பா?"

அதற்கு முன்னால் எனக்கு அது உறைத்ததே இல்லை. இரண்டு வீட்டுக்கு நடுவில் கொடி கட்டித் துணி தொங்கும். கதவு இருக்கும், விளக்கு இருக்கும். ஆள் மட்டும் கிடையாது. நம் ஊரில் வானம் கறுத்தால் போதும், தெருவில் இருக்கும் அத்தனை மொட்டை மாடியிலும் ஆள் ஓடும். எதிர்வீட்டு அக்கா, "உங்க துணி நனையுது!" என்று குரல் கொடுப்பார். அந்த ஊரிலோ துணி காய்ந்துகொண்டே இருக்கிறது, வருஷக்கணக்கில். ஒரு பாட்டி வெளியே வந்து அதை எடுத்து மடிக்கக் கூடாதா? ஒரு பையன் படியில் உட்காரக் கூடாதா? இத்தனை அழகாக வீடு கட்டத் தெரிந்தவருக்கு அதில் ஒருவரைக் குடிவைக்க மனம் வரவில்லையே என்று இப்போதும் கோபம் வருகிறது. ஆள் வந்தால் அவர்களுக்குப் பசிக்கும், வேலை வேண்டும், அப்புறம் இது வேறு விளையாட்டாகிவிடும் என்பார்கள். நியாயம்தான். ஆனால் பறவைக்குப் பசிக்கவில்லையே?

இன்னொரு சின்னக் குறை: படி எங்கே வர வேண்டும் என்று நாம் சொல்ல முடியாது. அம்மா கேட்ட இடத்தில் ஒரு படி வரவைக்க ஒரு சாயங்காலம் முழுக்க வைத்து வைத்து எடுத்திருக்கிறேன்.

நான்கு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இத்தனை நாள் நான் அழிக்காமல் வைத்திருக்கும் விளையாட்டு இது ஒன்றுதான். இருந்தும் தம்பியிடம், "வாங்காதே" என்றுதான் சொன்னேன். அவனுக்கு ஊர் என்றால் சத்தம் வேண்டும், கூட்டம் வேண்டும். பிரவுசரிலேயே இலவசமாக ஆட ஒரு பதிப்பு இருக்கிறது, முதலில் ஒரு வாரம் அதில் கட்டிப் பார்க்கட்டும்.

புது ஸ்விட்ச் நன்றாக இருக்கிறது. நேற்று ராத்திரி ஒரு தடவை அழுத்தினேன், ஒரே ஒரு மாடி வந்தது. அம்மா மஞ்சள் நிறம் கேட்டார், வைத்தேன்.