அசெம்பிளி ஃபைல் கம்பைல் ஆகவில்லையா? மேக், சிமேக் இரண்டிலும் எங்கே பார்ப்பது

மேக், சிமேக் இரண்டும் சோர்ஸ் ஃபைல்களிலிருந்து புரோகிராமை பில்ட் செய்ய உதவும் கருவிகள். ஆர்ம் வகை சிப்பான கார்டெக்ஸ் எம்4 உள்ள போர்டு ஒன்றுக்கான புராஜெக்டை மேக்கிலிருந்து சிமேக்குக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். சி ஃபைல்கள் எல்லாம் ஒழுங்காகக் கம்பைல் ஆகின. கடைசியில், கம்பைல் ஆகி வரும் ஆப்ஜெக்ட் ஃபைல்களை ஒன்றாக இணைக்கும் லிங்கர் ஒரே ஒரு வார்னிங் கொடுத்தது: ரீசெட் ஹேண்ட்லரை (போர்டு ஆன் ஆனதும் முதலில் ஓடும் கோடை) காணோம். வார்னிங்தானே என்று போர்டில் ஏற்றினேன். எல்இடி எரியவில்லை. அந்த ஹேண்ட்லர் இருக்கும் ஸ்டார்ட்அப் அசெம்பிளி ஃபைலின் பெயர் சிமேக்கின் ஃபைல் பட்டியலில் சரியாகத்தான் இருந்தது. ஆனால் பில்ட் டைரக்டரியில் அதற்கான ஆப்ஜெக்ட் ஃபைலே இல்லை.

சிமேக்குக்கு அசெம்பிளி ஒரு தனி மொழி. மொழிகளைச் சொல்லும் புராஜெக்ட் வரியில் சி மட்டும் இருந்து ஏஎஸ்எம் (அசெம்பிளி) இல்லையென்றால், அசெம்பிளி ஃபைலை ஹெடர் ஃபைல் மாதிரி பட்டியலில் வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் தாண்டிப் போய்விடும். சேர்க்கும்போது ஏஎஸ்எம்மைக் கடைசி மொழியாகப் போடுங்கள். சி கம்பைலரையே அசெம்பிளிக்கும் பயன்படுத்த முடியுமா என்று அப்போதுதான் சிமேக்கால் பார்க்க முடியும்.

மேக் இந்த விஷயத்தில் நேர்மையானது. கேட்ட ஆப்ஜெக்ட் ஃபைலை உருவாக்க வழி தெரியாவிட்டால் அந்த இடத்திலேயே நின்று எர்ரர் சொல்லும். ஆனால் அதற்கும் ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. ஒரே டைரக்டரியில் யூஆர்ட் என்ற பெயரில் ஒரு சி ஃபைலும் ஒரு அசெம்பிளி ஃபைலும் இருந்தால், இரண்டுக்கும் ஆப்ஜெக்ட் பெயர் ஒன்றுதான். மேக்கின் உள்விதி (நாம் எழுதாமலே அதில் இருக்கும் விதி) சி ஃபைலை எடுத்துக்கொள்ளும், அசெம்பிளியை யாரும் தொடுவதில்லை. சிமேக் மூல ஃபைலின் எக்ஸ்டென்ஷனையும் ஆப்ஜெக்ட் பெயரில் சேர்த்துவிடுவதால் அங்கே இந்த மோதல் வராது.

இரண்டிலும் ஒரே மாதிரி மாட்டிக்கொள்ளும் இடம், எக்ஸ்டென்ஷனில் உள்ள எஸ். பெரிய எஸ் என்றால் ஜிசிசி கம்பைலர் முதலில், ஹேஷ் டிஃபைன் போன்ற வரிகளைக் கையாளும் ப்ரீபிராசஸரை ஓட்டும், சின்ன எஸ் என்றால் ஓட்டாது. சின்ன எஸ் ஃபைலில் ஹேஷ் டிஃபைன் போட்டு ஸ்டாக் சைஸை 1024 என்று வைத்தீர்கள் என்று வையுங்கள். ஆர்ம் அசெம்பிளருக்கு ஹேஷில் தொடங்கும் வரி வெறும் கமென்ட். அதை விட்டுவிட்டு, கீழே ஸ்டாக் சைஸ் என்ற பெயரைப் பார்த்ததும் வேறு ஃபைலில் இருக்கும் சிம்பல் என்று நினைத்துக்கொள்ளும். எர்ரர் வருவதோ லிங்கரிடமிருந்து! தப்பு ஓரிடம், புகார் இன்னோரிடம் என்பதால் ஆட்கள் லிங்கர் ஸ்கிரிப்டைத் தோண்டிக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். ஃபைலின் எக்ஸ்டென்ஷனைப் பெரிய எஸ்ஸாக மாற்றினால் போதும். மாற்ற முடியாவிட்டால், ப்ரீபிராசஸருடன் அசெம்பிள் செய் என்று ஜிசிசிக்கு ஆப்ஷன் கொடுக்கலாம்.

அப்புறம் ஃபிளாகுகள், அதாவது கம்பைலருக்கும் அசெம்பிளருக்கும் கொடுக்கும் ஆப்ஷன்கள். பிராசஸர் பெயரை சி ஃபைல்களுக்கான சிஃபிளாக்ஸில் மட்டும் எழுதினால் மேக்கின் உள்விதி அதை அசெம்பிளிக்குக் கொடுக்காது. அதற்கு ஏஎஸ்ஃபிளாக்ஸ் தனியாக இருக்கிறது. இந்த இன்ஸ்ட்ரக்ஷனை பிராசஸர் ஆதரிக்கவில்லை என்று எர்ரர் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். சிமேக்கிலும் சி ஃபிளாகும் ஏஎஸ்எம் ஃபிளாகும் வேறு வேறுதான். ஆனால் எல்லா மொழிக்கும் பொதுவாக ஆப்ஷன் சேர்க்கும் கட்டளையும் அங்கே உண்டு. பிராசஸர் பெயருக்கு அது வசதி. ஆனால் ஒரு ஹெடரை எல்லா ஃபைலிலும் வலிய நுழைக்கும் ஆப்ஷனை அதில் போட்டுவிட்டால், பெரிய எஸ் ஃபைலுக்குள் டைப்டெஃப் போன்ற சி மொழி வரிகள் வந்து விழும், அசெம்பிளர் வரிக்கு வரி கத்தும். அப்படிப்பட்டதை சி மொழிக்கு மட்டும் என்று கட்டிவிட வேண்டும்.

அசெம்பிளிக்குள் இன்க்பின் என்ற கட்டளை மூலம் அப்படியே இழுக்கும் பைனரி ஃபைல் மாறினால் தானாக ரீபில்ட் ஆகாது. எந்த ஃபைல் மாறினால் ரீபில்ட் செய்ய வேண்டும் என்று ப்ரீபிராசஸர் தரும் சார்புப் பட்டியலில் அது வருவதில்லை. மேக்கில் ஒரு சார்பு வரி எழுதினால் முடிந்தது, சிமேக்கில் அந்த சோர்ஸ் ஃபைலுக்குப் பிராபர்ட்டி வைக்க வேண்டும்.

என் கணக்கு இது. ஒரே போர்டு, நாலைந்து ஃபைல் என்றால் மேக். விதியை நீங்களே எழுதுங்கள், உள்விதியை நம்பாதீர்கள். இரண்டு போர்டு, கூடவே கம்ப்யூட்டரில் ஓடும் டெஸ்ட் என்று வந்துவிட்டால் சிமேக்தான். எதுவானாலும் முதலில், ஓடும் கட்டளைகளை முழுதாகக் காட்டும் வெர்போஸ் ஆப்ஷனைப் போட்டு, உங்கள் அசெம்பிளி ஃபைலின் பெயர் உண்மையான கட்டளையில் வருகிறதா என்று பாருங்கள். நான் அதைப் பார்த்த பிறகுதான் புராஜெக்ட் வரியில் ஏஎஸ்எம் சேர்த்தேன். பில்ட் டைரக்டரியை அழித்துவிட்டு மறுபடி ஓட்டினேன், எல்இடி மின்ன ஆரம்பித்தது.